வெயில் தொடாத எழுத்து

நேற்று ராத்திரி கரும்புக்குத் தீ வைத்தார்கள்.
காலையில் டோங்காட் முழுக்கக் கறுப்புத் தூறல்:
கொடியில் காயும் யூனிஃபார்மில்,
நாய் குடிக்கும் கிண்ணத்தில்,
என் பக்கியின் சிவப்பில்.

பின்னால் திறந்த வண்டிக்கு இங்கே பக்கி என்று பெயர்.
தமிழில் அது வசவாச்சே என்று
சென்னையிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் சிரித்தார்.
சிரிக்கட்டும்.
அது குடிக்கிற பெட்ரோலுக்கு
இரண்டு பாஷையும் பொருத்தம்தான்.

நைட் டியூட்டி முடிந்து வந்து நிற்கிறேன்.
எதிர்வீட்டு சாக்ரன் காய்ந்த துணியோடு வருகிறான்.
"ரெண்டு தேய்ப்பு, சிஸ்டர், போயிடும்."
தொடாதே!
நான் போட்ட சத்தத்தில்
அவன் நாய் உட்கார்ந்துவிட்டது.

சாம்பல் மெத்தென்றுதான் இருக்கும்.
அதற்குள் மணல் இருக்கும்.
புண்ணில் ஒட்டிய பஞ்சை
உலர்வாகவா பிய்ப்பார்கள்?
நனை. ஊறவிடு. தானாகக் கழன்று வரட்டும்.
பதினாறு வருஷமாக வார்டில் செய்வதும் இதுதான்.
வண்டி வலியில் கத்தாது, அவ்வளவே.
பிற்பாடு ஒருநாள் வெயிலில்
கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

குழாயில் காற்றுதான் வருகிறது.
செவ்வாய்க்கிழமை டாங்கரில் பிடித்தது மூன்று வாளி.
ஒன்று, பூவாளியில் மொண்டு மேலிருந்து ஊற்ற.
ஒன்றில் சோப்பு.
ஒன்று துணியை அலச மட்டும்;
அலசாத துணி சோப்பு வாளிக்குள் போகக்கூடாது.
கூரை, கண்ணாடி, பானெட், கதவு.
சக்கரம் கடைசி. அதற்கு வேறு துணி,
அது மறுபடி மேலே ஏறாது.
சூரியன் மாமரத்தைத் தாண்டுமுன் முடிக்க வேண்டும்.
சூடான தகட்டில் காய்ந்த சோப்பும் ஒரு கறை.

விடியலில் ஊரையே எழுப்பும் ஹாடீடா
கூரையில் எழுதிவிட்டுப் போனதன் மேல்
ஈரத்துணியைப் போர்த்திவிட்டு
ஒரு டீ குடித்து வந்தேன்.
வழித்ததும் போயிற்று.

கதவில்தான் சிக்கல்.

ஏலத்தில் எடுத்த வண்டி.
முந்தையவர்கள் ஒட்டிய எழுத்தைப்
பிய்த்த இடத்தில் கோந்து,
கோந்தில் பத்து ஊர்த் தூசி.
சின்னப்பன் அண்ட் டாட்டர்.
பிளம்பிங். இருபத்துநாலு மணி நேரமும்.

ரோபோட்டில் சிவப்பு விழுந்து நின்றால்
கண்ணாடியைத் தட்டுகிறார்கள்,
கெய்சர் ஒழுகுது, எப்ப வருவே?
மார்க்கெட்டில் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்,
"அப்பா எப்படி இருக்கார்?"
நல்லா இருக்கார் என்று சொல்லிவிட்டேன்.
வண்டி ஏலத்துக்கு வந்த கதை
எனக்கும்தான் தெரியாது.

ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டினேன்.
தேங்காய் எண்ணெய் தடவிக் காத்திருந்தேன்.
காலாவதியான பேங்க் கார்டில் துணி சுற்றி
ஓரமாகத் தள்ளினேன்.
கோந்து சுருண்டு சுருண்டு உதிர்ந்தது.
சோப்பு, தண்ணீர்.
தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன்.
முகம் பார்க்கலாம் போலக் கதவு.

அதில், முன்னைவிடத் தெளிவாக,
சின்னப்பன் அண்ட் டாட்டர்.

கறையே இல்லை.
சுற்றியிருக்கும் சிவப்புதான் வெளுத்துப் போயிருக்கிறது.
எழுத்து மூடிக்கிடந்த இடம் மட்டும்
கம்பெனி கொடுத்த நிறத்தில்.

பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மங்கும் என்கிறான் சாக்ரன்,
விரலால் தட்டிப் பார்த்துவிட்டு,
"ஆனா பெயின்ட்டே கொஞ்சம்தான் மிச்சம்."

கேட்டில் மிஸஸ் குமேடே, மேல்தெரு.
கதவைப் படித்துவிட்டு
என்னையும் ஒரு தடவை படிக்கிறாள்.
தொட்டி இணைப்பில் ஒழுகுகிறதாம்,
இருக்கிற தண்ணீரும் மண்ணுக்குப் போகிறதாம்.
"டாட்டர் நீதானே?"

எனக்குத் தெரிந்த குழாய் எல்லாம்
சலைன், கதீட்டர்.
ஒழுகும் இடம் எது என்று பார்ப்பது,
ஆள் வரும்வரை அழுத்திப் பிடிப்பது.
தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.

உன்கிட்ட ஸ்பானர் இருக்கா, சாக்ரன்?