ஊருணிக்கு ஆறடி முன்

கோயம்புத்தூரில் கிளம்பும்போது
வண்டிக்குள் ஒரு வீடு இருந்தது:
மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு,
பல்துலக்கும் பிரஷ்ஷுக்குக்கூட ஓர் ஆணி.
சிங்கம்புணரி தாண்டியதும்
வீட்டுக்குள் ஒரு வண்டி இருப்பது தெரிந்தது.

முதலில் பெல்ட்.
குன்றக்குடி மலை பின்கண்ணாடியில்
சிறுத்துக்கொண்டிருந்த இடத்தில் அறுந்தது.
மருதாசலம் இறங்கிப் பார்த்தார்.
இறங்கிப் பார்ப்பது அவர் பங்கு,
ஓட்டுவது என் பங்கு.
என் நைலெக்ஸ் சேலையின் தலைப்பைக் கிழித்து
முறுக்கிக் கட்டி
ஊர்ந்து ஊர்ந்து காரைக்குடி சேர்ந்தோம்,
குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம்
ரேடியேட்டருக்குக் கொடுத்துவிட்டு.

பழைய பள்ளிக்கூட வேன்.
நீலம் அடித்தும்
வெயில் ஏறினால் அடியிலிருக்கும் எழுத்துகள் மேலே வரும்.
நின்ற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி:
"எந்த ஸ்கூலு? பிள்ளைகள்லாம் எங்க?"
"இறங்கிட்டாங்க" என்பார் மருதாசலம்.
பொய்யில்லை.
எங்களுடைய இரண்டும்
ஓசூரில் ஒன்று, கனடாவில் ஒன்று இறங்கிக்கொண்டன.

மெக்கானிக் சேவுகப்பெருமாள்
வண்டிக்கடியில் படுத்தபடியே பேசினார்.
கால்கள் மட்டும்தான் எங்களோடு இருந்தன.
"கை பிரேக் கேபிள் நைஞ்சு கெடக்கு.
மதுரையில இருந்து வரணும், ரெண்டு நாளாகும்."
பிறகு தலையை நீட்டி,
"காலையில இல்லையே, இந்தக் கல்லு எப்ப ஏறுச்சு?"

பெல்ட்டுக்குக் காத்திருந்த நேரத்தில்
முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கினேன்.
ஆட்டுக்கல். சதுர அடி.
குழவி இல்லாததால் பாதி விலை.
"மாவாட்டப் போறயா?"
"இல்ல."
"பின்னே?"
பின்னேவுக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்குக் கானாடுகாத்தான் பக்கம்
ஓர் ஊருணிக்கரையில் ஒதுங்கினோம்.
சண்டை முற்றி, அவர் கல்லைப் புரட்டிப் புரட்டி
இறக்கி, வண்டிக்கு முன்னால் போட்டார்.
"இங்கயே கெடக்கட்டும்."
நான் கதவை அறைந்து சாத்தினேன்.
கியரில் போட்டு நிறுத்தியிருக்க வேண்டும்.
மறந்தேன்.

இரண்டரை மணிக்குக் கரண்டிகள்தான் முதலில் விழித்தன.
பிறகு ஒரு தம்ளர் உருண்டு போனது,
எங்கே போகிறோம் என்று தெரிந்த மாதிரி.
"பூகம்பமா?" என்றார்.
சன்னலில் புளியமரம் பின்னால் நடந்தது.
கட்டிலை மடக்கினால்தான் ஸ்டீயரிங்குக்கு வழி.
அப்படி அமைக்கச் சொன்னதும் நான்தான்.
கொக்கியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே
ஒரு இடி.

நின்றுவிட்டது.

டார்ச் அடித்தோம்.
முன்சக்கரத்தடியில் ஆட்டுக்கல்,
பாதி செம்மண்ணில் புதைந்து.
அதற்கப்பால் கொஞ்சம் தரை.
அதற்கப்பால் படிகள்.
அப்புறம் தண்ணீர், கறுப்பாக, அசையாமல்.
தவளைகள் அதுபாட்டுக்குக் கத்தின.

மருதாசலம் பாதத்தால் அளந்தார்.
"ஆறு."
திரும்ப வந்து திரும்ப அளந்தார்.
"ஆறேகால்."
அந்தக் கால் அடிக்கு அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கியரைப் பற்றி அவர் கேட்கவில்லை.
கல்லை இறக்கியது யாரென்று நானும் சொல்லவில்லை.
பற்று வரவு எழுதியே கடல் கடந்த ஊர் இது.
இங்கேயும் இதற்கு ஒரு பக்கம் கிடைக்காது.
விடியும்வரை வெளியே உட்கார்ந்து
மிச்சமிருந்த தேன்குழலைத் தின்றோம்,
பேச்சுக்குப் பதில் நொறுங்கும் சத்தம்.

காலையில் பால்காரரும், பள்ளிக்கூடம் போகிற நாலு பேரும்
வண்டியை மேட்டுக்குத் தள்ளிவிட்டார்கள்.
அதில் ஒரு பையன்
நீலத்துக்கடியில் எழுத்துக் கூட்டிப் படித்து,
எங்கள் ஊர்ப் பள்ளியின் பெயரைத்
தப்பாகச் சத்தம்போட்டுச் சொன்னான்.

கேபிள் வர இன்னும் ஒரு நாள் இருக்கிறது.
கல் சக்கரத்தடியிலேயே இருக்கிறது.
அதன் குழியில் நான் ஊற்றிய தண்ணீரை
ஒரு காகம் குடித்துவிட்டுப் போகிறது.
மருதாசலம் ரொம்ப நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு,
"அந்தக் கடையில்
இன்னொண்ணு இருக்குமா?" என்கிறார்.
"எதுக்கு?"
"பின்சக்கரத்துக்கு."