ஒரு சாண் இடம், ஒரு சாண் வலம்

பெட்டியின் முதுகில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
அதற்குள் தலையை நீட்டி உட்கார்ந்திருப்பது என் வேலை.
மேலே கம்பி. கம்பியைத் தடவிப்போகும் கரிப்பட்டை.
இரண்டும் பிரிகிற நொடியில் ஒரு பச்சைப் பொறி.
பொறி விழுந்த கம்பத்தின் எண்ணை எழுதவேண்டும்.
அவ்வளவுதான்.
கண்ணை மட்டும் கொட்டக்கூடாது.

மேலப்பாளையத்தில் எங்கள் மொட்டைமாடி தெரியும்,
உம்மா துணி காயப்போடும் கொடியும்.
பார்க்கவில்லை.
கீழே யாரோ வேகத்தைக் கூவுகிறார்கள்
ஏலக்காரன் மாதிரி:
எண்பது. தொண்ணூறு. நாங்குநேரி தாண்டி
நூற்றுப்பத்து.

வேகம் என்றால் நேர்கோடு என்றுதான்
படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன்.
கம்பி அப்படிப் போவதில்லை.
ஒரு கம்பத்தில் ஒரு சாண் இடம்,
அடுத்த கம்பத்தில் ஒரு சாண் வலம்.
நேரே இழுத்தால் ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து
கரியை அறுத்துவிடும்.
எருது நடந்துகொண்டே பெய்த கோடு.
புலவர்கள் அதிலும் ஒரு செய்யுள் கண்டார்கள்,
கோமூத்திரி என்று பெயரும் வைத்தார்கள்.
ஞானதிரவியத்திடம் சொன்னேன்.
"அப்ப நான் கெட்டுனது பாட்டா, மூத்திரமா?"
"ரெண்டுந்தான்."

வள்ளியூருக்குத் தெற்கே கம்பி கட்டியது அவன்.
கோபுர வண்டியின் மேடையில்
ஆடிக்காற்று சட்டைக்குள் புகுந்து ஊத
வாயில் இரண்டு திருகாணிகளைக் கடித்தபடி.
ஒருநாள் சோற்று நேரத்தில் கேட்டான்:
"ஒலகத்துல மொதமொத யாரு இப்பிடி வெரட்டுனது?"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று. பெர்லினுக்கு வெளியே
ராணுவத்துக்குப் போட்ட தண்டவாளம்.
கம்பி தலைக்கு மேலே இல்லை, பக்கவாட்டில்,
ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று.
முதல் முயற்சியில் தண்டவாளம் தாங்கவில்லை,
பலப்படுத்தி மறுபடி ஓட்டினார்கள்.
இருநூற்றுப்பத்து.

அவன் மென்றதை நிறுத்தினான்.
"அந்த வருசம் வள்ளியூர்ல தண்டவாளமே கெடையாதே."
"ஆமா."
"அந்த மூணு கம்பியக் கெட்டுனவன் பேரு என்ன?"

கம்பெனிகளின் பெயர் எனக்குத் தெரியும்.
வண்டியின் எடை, மின்சாரத்தின் அழுத்தம் தெரியும்.
மீன் முள்ளை எடுத்து இலையோரம் வைத்துவிட்டு
அவனே சொன்னான்:
"எளுதியிருக்க மாட்டாவ."

நூற்றுப்பதினெட்டு.
இப்போது அவன் கம்பங்கள்.
பணகுடிப் பக்கம் காற்றாலைகள்
மலையிடுக்கிலிருந்து வரும் காற்றை
வெட்டி வெட்டி மின்சாரமாக்குகின்றன.
அதே காற்றுதான் அவற்றைக் கடந்து வந்து
கம்பியை ஒதுக்கித் தள்ளுகிறது.
தூக்குகிற கை ஒன்று, ஏழு கிலோ பாரத்துக்கு,
கைக்குழந்தையை ஏந்துகிற அளவுக்கு மட்டும்
கம்பியைத் தாங்கிப் போகிறது.
கூடினால் கம்பி அறும், குறைந்தால் பொறி.

நூற்றிருபத்தொன்று.
கீழே கைதட்டுகிறார்கள்.
கம்பிக்குப் பின்னால் வானமே ஓடுகிறது,
இடமும் வலமும், இடமும் வலமும்,
தறியில் நாடா மாதிரி.

பச்சை.

எண்ணை எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் காற்று என்று எழுதப்போய்
நிறுத்திக்கொண்டேன்.
காரணத்தை மேலிடம் எழுதும்.
கட்டியவன் பெயருக்கு அந்தத் தாளில்
கட்டமே இல்லை.

நாகர்கோவில் நடைமேடையில் மாலை, லட்டு, போட்டோ.
கழுத்து வலியோடு ஓரமாக நின்று
அவனைப் போனில் கூப்பிட்டேன்.
"ஒன்னு. ஒன் ஏரியாவுலதான்.
காலைல மின்சாரத்த நிப்பாட்டித் தருவாவளாம்.
ஏறிப் பாரு."

கொஞ்சநேரம் காற்று மட்டும் இரைந்தது.
அவன் வெளியேதான் நின்றிருந்தான் போல,
வண்டி போன பாதைக்குப் பக்கத்தில்.

"ஒன்னே ஒன்னா?" என்றான்.
"ஏ ருக்கையா, உள்ளதச் சொல்லு.
நீ கண்ணக் கொட்டிட்டியோ?"