நான்கு கட்டிகள்

கெமியார்வி தாண்டியதும் ஸ்டியரிங் முரண்டு பிடித்தது.
இடது பக்கம் முழுசாய்த் திரும்பவில்லை.
மட்கார்டுக்குள் இறுகிய பனி
டயரை உரசி உரசி ஒரு சத்தம்.
"கார் பல்லைக் கடிக்குதும்மா"
பின்சீட்டில் சைமி.

போன வருஷம் சுத்தியலால் தட்டப்போய்
உள் பிளாஸ்டிக் இரண்டாய்ப் பிளந்தது.
மைனஸ் இருபத்தெட்டில் எல்லாமே கண்ணாடிதான்.
அதிலிருந்து பூட்ஸின் குதிகால் மட்டும்:
ஓரத்தில் ஓர் உதை,
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.

யோர்மாவின் வாசலில் நிறுத்தினேன்.
இந்த வாரம் பிள்ளை அவன் முறை.
அப்போதுதான் வழித்துத் தள்ளியிருந்தான்,
மடிப்புக் கலையாத மேசைவிரிப்பாய்த் தரை.
மண்வாரியில் சாய்ந்து நின்றான்.

சைமி பையோடு உள்ளே ஓடினாள்.
நான் சக்கரம் சக்கரமாகச் சுற்றி வந்தேன்.
தொப்.
தொப்.
உப்பும் மணலும் ஊறிய சாம்பல் கட்டிகள்
டயரின் வளைவு மாறாமல்
அவன் வெள்ளைத் தரையில்,
கழற்றி வைத்த பல்செட் மாதிரி.
வேண்டுமென்றேதான்.

நான்காவது அசையவில்லை.
ஐந்து உதை, ஆறு.

அவன் பேசாமல் வந்தான்.
குனிந்து பார்த்தான்.
குதிகாலால் ஒன்று கொடுத்தான்.

விழுந்தது.

"முன்பக்கம் போல்ட் ஒன்று காணோம்" என்றான்.
தெரியும் என்றேன்.
தெரியாது.

திரும்பும்போது ஸ்டியரிங் கடைசி வரை போனது.
போசியோ திருப்பத்தில்
மறுபடி லேசாய்
உரச ஆரம்பித்தது.