பூட்டுவதற்கு முன்

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை என்னுடையது.
ஜூலை பிறந்தால் அதுவே கவுன்சலிங் ஆபீஸ்.
ஒரு பிள்ளைக்கு நூறு ரூபாய்.
கரண்ட் போய் மறுபடி அடித்தாலும் அதே நூறுதான்.

சமீஹா அவள் அத்தாவோடு வந்தபோது நாலு பத்து.
ஐந்து மணிக்குள் பட்டியலைப் பூட்ட வேண்டும்.
நீட்டில் ஏழு மதிப்பெண் குறைவாம்.
முள்ளோடைக்கு அந்தப் பக்கம் வீடு இருந்திருந்தால்
புதுச்சேரிக் கோட்டாவில் கிடைத்திருக்கும் என்றார் அவர்.
வீடு ரெட்டிச்சாவடியில்.
பெட்ரோலுக்கு எல்லை தாண்டலாம்,
டாக்டர் சீட்டுக்கு முடியாது.

முதல் விருப்பம் சொல்லும்மா என்றேன்.
பயோமெடிக்கல் என்றாள்.
சும்மா போட்டு வைங்க தம்பி,
அடுத்த வருஷம் திரும்ப நீட் எழுதுவா, என்றார் அத்தா.
அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:
சும்மா இல்லை.

வாரத்துக்கு இரண்டு நாள்
அம்மாவோடு டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்திருப்பவள்.
மூன்றாம் நம்பர் மெஷின்மேல்
பதினோரு வாரம் பச்சைத் துணி கிடந்ததாம்.
வெள்ளைக் கோட்டுகள் வரும், போகும்.
துணியை யாரும் தொடவில்லை.
ஒருநாள் சென்னையிலிருந்து
தோள்பையோடு ஒருத்தர் வந்து முதுகுப்பக்கம் திறந்தார்.
இவள்தான் டார்ச் பிடித்தாள்.
சட்டைப் பித்தான் அளவில் ஏதோ ஒன்றை மாற்றிவிட்டு
ஐந்து இருபது பஸ்ஸுக்கு ஓடினார்.
அவர் பேர்கூடக் கேட்கலைண்ணா.

கட்டணம், கட்-ஆஃப், ஹாஸ்டல்
எல்லாம் என்னிடம் இருந்தது.
அவள் கேட்டது வேறு:
அங்கே மெஷினைத் திறக்க விடுவார்களா,
இல்லை போர்டில் படம் மட்டும்தானா?
அதற்குக் கட்டம் எதுவும் இல்லை.
மூன்று வருஷம் முன்
நானே பூட்டி அனுப்பிய குறிஞ்சிப்பாடிப் பையனுக்குப் போன் போட்டேன்.
இன்னும் ஒரு திருகாணிகூடக் கழற்றலைண்ணா என்றான்.
இரண்டாவதாக இருந்த கல்லூரி
ஒன்பதாவதுக்கு இறங்கியது.
பஸ்ஸிலேயே போய்வரலாமே என்று
அத்தா ஆசைப்பட்ட கல்லூரி அது.
பக்கத்திலேயே ஆஸ்பத்திரி உள்ள கோயம்புத்தூர்
மேலே ஏறியது.
அத்தா விரல் விட்டு எண்ணினார்,
மணிக்கணக்கா ரூபாயா தெரியவில்லை.

நாலு ஐம்பத்திரண்டு.
ஓடிபி அம்மாவின் நம்பருக்குப் போய்விட்டது.
அம்மாவோ அன்று வார்டில்,
ஒரு கையில் ஊசி.
ஆறு முறை அடித்து எடுத்தார்.
ஸ்பீக்கரில் போட்டேன்.
நாலு, பூஜ்யம், நாலு, அப்புறம்
ஏழா ஒண்ணா தெரியலடி, கண்ணாடி பையில் இருக்கு.
பின்னால் ஏதோ விட்டுவிட்டுக் கூவியது.
நான் பதறினேன்.
ஒன்றுமில்லைண்ணா, அது மூன்றாம் நம்பர்,
ட்யூப் மடிந்தால் அப்படித்தான் கத்தும் என்றாள் சமீஹா.
அம்மா, இடதுபக்கம் பார், ட்யூப் மடிஞ்சிருக்கா?
கூவல் நின்றது.
ஏழுதான் என்றது போன்.

பூட்டினேன்.
இரண்டு பிரதி எடுத்தேன்.
அவள் தாளை ஊதி ஊதி மடித்தாள்.
அத்தா நூறு ரூபாயை நீட்டியபடி
அடுத்த நீட் எந்த மாதம் தம்பி என்றார்.
தேதி இன்னும் வரலைங்க என்றேன்.