கை விரித்தல்

விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து
கண்ணாடிமேல் உருட்டுவது என் வேலை.
ஒமாஹாவில், சலவைக்கடைக்கும்
மூடிக்கிடக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே
எங்கள் அலுவலகம்.
"நீங்கள் அழுத்த வேண்டாம், நானே உருட்டுகிறேன்"
ஒரு நாளைக்கு அறுபது முறை சொல்வேன்.
எல்லோரும் உதவத்தான் பார்க்கிறார்கள்.
உதவினால் ரேகை வழுக்கிவிடும்.

தொமிங்கா சோக் உதவவில்லை.
கடைக்காரரிடம் பையை நீட்டுவதுபோல்
கையை என்னிடம் கொடுத்துவிட்டு
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்ப்பு ஏறிய கையாக இருக்கும் என்று நினைத்தேன்.
முட்டை ஓட்டின் உட்புறம்போல் இருந்தது.

பெருவிரல், சிவப்பு.
சுட்டுவிரல், சிவப்பு.
நடுவிரலில் மட்டும் ஏதோ கோடு,
பனி மூடிய சோளக்காட்டில் உழவுசால் மாதிரி
தெரிகிறது, தெரியவில்லை, தெரிகிறது.
பிறகு அதுவும் சிவப்பு.

ஈரத்துணியால் ஒற்றினேன். களிம்பு தடவினேன்.
என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து
சூடு ஏற்றிப் பார்த்தேன்; இது கையேட்டில் கிடையாது.
"என்ன வேலை செய்கிறீர்கள்?"

மகன் எல்மர் சொன்னான்:
பன்றி வெட்டும் ஆலை. இரவுப் பணி.
கத்திக்காரர்கள் வீட்டுக்குப் போனபின்
அம்மா உள்ளே போவார்.
கொதிநீர், குளோரின், முழங்கால்வரை நுரை.
விடிந்ததும் ஆய்வாளர் வந்து
டார்ச் அடித்துப் பார்ப்பாராம்.
ஒரு மயிர், ஒரு சொட்டு,
இரவில் இங்கே யாரோ இருந்தார்கள்
என்பதற்கு ஒரு தடயம்
கிடைக்கக் கூடாதாம்.
பதினொரு வருடம்.
அவர் குறுக்கிட்டு ஏதோ சொன்னார்.
எல்மர் தயங்கினான்.
"நன்றாகக் கழுவுவேன், ஒருநாளும் புகார் வந்ததில்லை என்கிறார்."

இரண்டாம் முறை வந்தபோது
மூன்று வாரச் சம்பளத்தை விட்டிருந்தார்.
தினமும் வாசலின் பூசி, பருத்திக் கையுறை மாட்டித் தூக்கம்.
பாத்திரம் முழுக்க எல்மர்தான் கழுவினானாம்,
சொல்லும்போது காது சிவந்தது அவனுக்கு.
இடது சுண்டுவிரல் மட்டும் பச்சை காட்டியது.
நாங்கள் மூவரும் அந்த ஒற்றைப் பச்சையை
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மற்ற ஒன்பதுக்கும்
இயந்திரம் கையை விரித்தது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.
சாய்வில்லாமல், சுழியெல்லாம் சுத்தமாக,
பள்ளிக்கூடத்துக் கரும்பலகை எழுத்து.
கையெழுத்து இவ்வளவு அழகு.
கைநாட்டுக்குத்தான் வழியில்லை.

மூன்றாம் முறை யாரும் அழைக்கவில்லை.
அவர்களாகவே வந்தார்கள், கடிதத்தோடு.
ரேகை கிடைக்காததால்
ஐந்து வருடத்தில் குடியிருந்த
ஊர் ஒவ்வொன்றிலும் காவல் நிலையச் சான்று வேண்டும்.
ஸ்கைலர், லெக்சிங்டன், டெனிசன்
மூன்றும் வாங்கிவிட்டான் எல்மர்.
நாலாவது ஊரில் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்
ரொம்ப மரியாதையாகச் சொன்னாராம்:
"தருகிறோமே. முதலில்
இங்கே விரலை வையுங்கள்."

அதைச் சொல்லி முடிக்குமுன்பே
தொமிங்கா சிரித்துவிட்டார்.
தோள் குலுங்க, மேசையைப் பிடித்துக்கொண்டு.
எல்மர் சிரிக்கவில்லை.
எனக்கும் வரப்பார்த்தது, அடக்கிக்கொண்டேன்,
காவலர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
முத்திரை குத்த அனுமதி உண்டு.
ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன்:
இவர் இரண்டு முறை வந்தார்.
பத்து விரலும் இருக்கின்றன.
நானே பிடித்துப் பார்த்தேன்.
தேதி. முத்திரை. டார்லீன் கூச்செரா.

நாலாவது ஊர்க்காரர் அதை ஏற்றாரா,
சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தாரா, தெரியாது.
கோப்பு எங்கே போகிறது என்று
எங்களுக்குச் சொல்வதில்லை.

ஒவ்வொருவர் போனதும்
கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.
முன்னவர் சுவடு பின்னவர்மேல் ஏறக் கூடாது.
அன்று பழக்கத்தில் துணியை எடுத்துவிட்டேன்.
பிறகுதான் ஞாபகம் வந்தது,
இந்த முறை அவர் கண்ணாடியைத் தொடவே இல்லை.
மேசை விளிம்பில்தான்
சிரித்தபோது பிடித்த இடத்தில்
வாசலின் பிசுக்கு, நாலு விரல் அகலம்.

அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.
மேசையை அப்புறம் துடைக்கலாம்.