சேர்க்கை மதிப்பெண் 41

பதினெட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஏழு வரை.
சாப்பிடுவது, சட்டை போடுவது, கழிப்பறை,
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது.
பனிமயராஜ், நாற்பத்தேழு வயது,
மிசையீத் துறைமுகத்தில் கிரேனுக்குக் கைகாட்டுகிறவர்,
வலப்பக்கம் செயலற்றுப் பதினோராம் நாள்
தோஹாவில் எங்கள் வார்டுக்கு வந்தார்.
கூட்டினேன்: நாற்பத்தொன்று.

வயது, வந்த மதிப்பெண், கடந்த நாட்கள்,
மூன்றையும் போட்டால்
ஆறாவது வாரத்தின் எண்ணைக் கணினி இன்றே சொல்லும்.
எழுபத்திரண்டு என்றது.

கம்பெனியிலிருந்து ஷிஜு தினமும் போன்:
"சிஸ்டர், உட்கார்ந்து போவாரா, படுத்தா?
படுத்தால் ஒன்பது சீட் எடுக்கணும்."
நான் சிஸ்டர் இல்லை, பிசியோ. திருத்துவதை விட்டுவிட்டேன்.
"எழுபத்திரண்டு" என்றேன்.
"அது உட்காருமா?"

பேச்சில் அவருக்கு மிஞ்சியது கொஞ்சம்.
"வந்து..." என்பார். "போய்..." என்பார்.
முடிக்கிற சொல் எங்கோ கொக்கியில் தொங்கும்.
ஒன்பதாம் வகுப்பு இலக்கணத்தில் இதற்கு எச்சம் என்று பெயர்.
கணக்கு சொன்னதற்கும் நடந்ததற்கும் நடுவே
விழுகிற எண்ணுக்கும்
புள்ளியியலில் அதே பெயர்தான்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்.
நானும் உதவியாளன் தில் பகதூரும்
இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கும்போது
அவர் இடக்கை எழுந்தது.
சுட்டுவிரல் கீழ்நோக்கி, சின்னச் சின்ன வட்டம்:
இறக்கு.
பிறகு உள்ளங்கை தரைபார்த்து விரிந்தது:
நிறுத்து.
நாற்காலி அரை அடி விலகியிருந்ததை
எங்களுக்கு முன் அவர் பார்த்துவிட்டார்.

தில் பகதூர் சிரிக்கவில்லை.
லுசைலில் நாலு வருஷம் சாரம் கட்டியவன்.
காலாலேயே நாற்காலியை இழுத்துக் கையைப் பார்த்தான்.
வட்டம் மறுபடி தொடங்கியது.
எழுபத்தெட்டு கிலோ சரக்கு
ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது.

இருவர் தூக்கினால் விதிப்படி ஒன்று.
ஒன்றுதான் எழுதினேன்.
தூக்கச் சொன்னது யார் என்று கேட்க
படிவத்தில் வரி இல்லை.

ஆறாம் வாரம் அறுபத்தாறு.
கணினியின் கணக்கில் ஆறு குறைவு.
அது ஏன் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள்,
சர்க்கரை அளவைச் சொன்னேன்.
ஷிஜு ஒரே ஒரு சீட் எடுத்தான், நடைவழி ஓரம்.

லிஃப்ட் வாசலில் சக்கர நாற்காலியைத் திருப்பி
"போய்..." என்றார்.
நோயாளியின் வாக்கியத்தை நாம் முடிக்கக் கூடாது,
அதுதான் பயிற்சி.
கதவை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு
நின்றேன்.