மணிக்கட்டில் ஒன்றுமில்லை

மெல்கியோர் ஆப்ளானால்ப், வயது அறுபத்தெட்டு.
கை கொடுத்தார். பழக்கதோஷம்,
என் இரு விரல்கள் அவர் மணிக்கட்டுக்கு நழுவின.
சூடு இருந்தது. பழைய தீக்காயத் தழும்பு இருந்தது.
நாடி இல்லை.

"தேடாதீர்கள் டொக்டர்,
மூன்று வருஷமாய் அது அந்தப் பக்கம் வருவதில்லை."

சிரிக்கிற ஆளுக்கு நாடி இல்லையென்று
எந்தப் படிவத்தில் எழுதுவது?
கட்டத்துக்குள் ஒரு கோடு போட்டேன்.

நெஞ்சில் குழாய் வைத்தால் துடிப்பில்லை, ரீங்காரம்;
பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி
இரவில் சுவர்வழி கேட்பதுபோல.
வயிற்றைத் துளைத்து வெளிவரும் வயர்
இடுப்புப் பெட்டிக்குப் போகிறது.
தோளுக்கொன்றாய் இரண்டு பற்றரி.
நிமிடத்துக்கு ஐயாயிரத்து நானூறு சுற்று,
நாலரை லீற்றர் இரத்தம்.

வந்தது இதயத்துக்கல்ல, பித்தப்பைக்கு.
கல், மூன்று நாள் காய்ச்சல்.

முப்பத்தொரு வருஷம் கிறிம்சல் மலையில்
பம்பு அறையில் வேலை பார்த்தவர்.
மின்சாரம் மலிந்த இரவுகளில்
கீழ் ஏரியை மேல் ஏரிக்கு ஏற்றுவது,
பகலில் திரும்ப விழவிடுவது.
"உங்கள் மருந்து என்ன செய்யும்?"
குழாய்களைத் தளர்த்தும், என்றேன்.
இரத்தம் கால்களில் தங்கிவிடும்,
இதயத்துக்கு வருவது குறையும்.
கூரையைப் பார்த்து யோசித்தார்.
"அப்படியென்றால் உறிஞ்சுபக்கத்தைக் கவனியுங்கள்.
பம்பு உண்மைதான் பேசும்.
வருகிற தண்ணீர்தான் ஏமாற்றும்."

துடிக்காத தமனியை
அல்ட்ராசவுண்ட் திரையில் ஒரு கறுப்பு வட்டமாய்த் தேடி
ஊசி ஏற்றினேன்.
விரல்நுனிக் கருவி கோடு வரைய மறுத்தது.
மருந்தைச் சிறிது சிறிதாக,
தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல.
கண்கள் போயின. ரீங்காரம் போகவில்லை.

வயிற்றில் வாயு ஏற்றினார்கள்.
மேசையைத் தலைப்பக்கம் உயர்த்தினார்கள்.
நாலு புள்ளி ஐந்து.
மூன்று புள்ளி எட்டு.
இரண்டு புள்ளி ஆறு.
பெட்டி கத்தத் தொடங்கியது.

"வேகத்தைக் கூட்டச் சொல்லட்டுமா?"
லியோனி, பயிற்சியின் இரண்டாம் வருஷம்.
யாரும் அதைத்தான் கேட்பார்கள், நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.
எக்கோ திரையில் இடது அறையின் சுவர்கள்
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன,
உறிஞ்சி முடித்த ஜூஸ் பக்கெற் மாதிரி.
கூட்டினால் சுவரையும் சேர்த்து உறிஞ்சும்.

மேசையைத் தட்டையாக்குங்கள், வாயுவை விடுங்கள்.
"கிளிப் போட இரண்டு நிமிஷம்," என்றார் சேர்ஜன் ப்றொய்டிகர்,
தலை நிமிராமல்.
இப்ப, என்றேன்.
தமிழில் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது.
அவருக்கு விளங்கியிருந்தது.

இருநூற்றைம்பது மில்லிலீற்றர் திரவம்,
நோரட்ரினலின் ஒரு சிட்டிகை கூட.
வலது பக்கத்துக்கு இயந்திரம் கிடையாது,
அது மட்டும் பிறந்தபோது கொடுத்தது;
கரியமில வாயு ஏறினால் கோபித்துக்கொள்ளும்.
மூச்சைக் கொஞ்சம் விரைவாக்கினேன்.
காத்திருப்பதுதான் என் தொழிலின் பெரும்பகுதி,
யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

மூன்று. மூன்று புள்ளி நாலு.
சுவர்கள் பிரிந்தன, நடுவில் கறுப்பாய் ஒரு குளம்.
நாலு புள்ளி இரண்டில் ப்றொய்டிகர்
புருவத்தால் கேட்டார்.
இப்போது செய்யலாம், சாய்க்காமல்.

விழித்ததும் முதல் கேள்வி:
"எவ்வளவுக்கு இறங்கியது?"
இரண்டு புள்ளி ஆறு.
காய்ந்த உதட்டைக் குவித்து விசிலடிக்கப் பார்த்தார்.
காற்றுத்தான் வந்தது.

பேர்ணில் அன்றிரவு மழை.
ஆரே ஆறு பாலத்தடியில் கலங்கி ஓடியது,
அவர் முப்பத்தொரு வருஷம் ஏற்றி இறக்கிய அதே தண்ணீரின்
எந்தப் பங்கு இதில் என்று தெரியாமல் பார்த்துவிட்டுப்
படுக்கப் போனேன்.

இரண்டு மணிக்குத் தொலைபேசி.
வார்டில் புதிய தாதி, எஸ்மா, குரல் நடுங்க:
"டொக்டர், நாடி கிடைக்கவில்லை."
ஆள் என்ன செய்கிறார்?
"கட்டிலுக்குப் பின்னாலிருக்கிற பிளக்
அவசர மின்சாரத்தில் இருக்கிறதா என்று கேட்கிறார்."

போய்ப் பாருங்கள், என்றேன்.
பார்த்து அவரிடம் சொல்லுங்கள்.